லண்டன் பாலத்தில் மூன்று பேர், தபாலில் ஒரு கவர்

லண்டனில் கார் வைத்திருக்கும் நம்மாட்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் பேச்சு முதலில் வீட்டு விலைக்குப் போகும், அப்புறம் பிள்ளைகள் எந்த ஸ்கூல், மூன்றாவதாகக் கட்டாயம் பி.சி.என். வந்துவிடும். பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். ஊரில் இருந்து படிக்கிற நண்பர்களுக்காக ஒரு வரி: போலீஸ் பிடிக்கவில்லை, விசில் ஊதவில்லை, யாரும் கையைக் காட்டி நிறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குத் தபாலில் ஒரு கவர் வரும். உள்ளே உங்கள் காரின் படம், நேரம், தெருப் பெயர், கட்ட வேண்டிய தொகை. அனுப்பியது போலீஸ் இல்லை, உள்ளூர் கவுன்சில். குப்பை அள்ளுகிற, நூலகம் நடத்துகிற அதே கவுன்சில்.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இதைப் பற்றிப் பேசாத தமிழர் கிடையாது. பேசுகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இதெல்லாம் காசு பார்க்கிற வேலைங்க." அது உண்மையா என்று பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட முந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ ஏதாவது எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஓடுகிற வண்டிக்கு விதி போட்டு, அதை மீறுகிறவனைப் பிடிக்க ஆள் வைத்த ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று 1722 ஜனவரியில் நடந்தது. இடம் பழைய லண்டன் பாலம். அப்போது பாலத்தின் மேலேயே இரண்டு பக்கமும் வீடுகள், கடைகள். நடுவில் மிச்சமிருந்த வழி படு குறுகல். எதிரும் புதிருமாக மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் கோச்சும் வந்து முட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் நகராது. லண்டன் சிட்டி நிர்வாகம், அதாவது மேயரும் ஆல்டர்மேன்களும் அடங்கிய சபை, ஓர் உத்தரவு போட்டது. சதக் பக்கமிருந்து நகருக்குள் வரும் வண்டிகள் பாலத்தின் மேற்கு ஓரமாக வர வேண்டும். நகரிலிருந்து வெளியே போகிறவை கிழக்கு ஓரமாகப் போக வேண்டும். மனக்கண்ணில் படம் போட்டுப் பாருங்கள், இரண்டுமே இடது பக்கம்தான். பாலத்துக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திச் சரக்கு ஏற்றி இறக்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் உண்டு. சுங்கம் வசூலிக்கிறவர்கள் வண்டியை நிற்க வைத்து இழுத்தடிக்காமல் சட்டென்று வாங்கி அனுப்ப வேண்டும் என்பதும் உண்டு. (நம்மூர் டோல்கேட்டில் இதை எழுதி ஒட்டலாம்.)

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. இதைக் கண்காணிக்கத் திடமான ஆட்கள் மூன்று பேர், தினமும் பாலத்தின் முனைகளில் நிற்க வேண்டும். சம்பளம்? ஒருவரைக் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற தர்ம நிறுவனம் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவரைப் பாலத்தை ஒட்டிய வார்டுவாசிகள், மூன்றாமவரைப் பாலத்தை நிர்வகிக்கும் பிரிட்ஜ் மாஸ்டர்கள். அடங்காத வண்டிக்காரனை அவர்களே தண்டிக்க முடியாது. பிடித்துக்கொண்டு போய் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அதிகாரம். பிடிப்பது அந்த மூன்று பேர், தண்டிப்பது நீதிபதி என்பதையும் இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1756-ல் பாலத்துக்கென்று வந்த சட்டம் இந்த இடது பக்க விதியை நாடாளுமன்றச் சட்டமாகவே ஆக்கியது. 1835-ன் நெடுஞ்சாலைச் சட்டம் அதை நாட்டுக்கே பொதுவாக்கியது. இதற்கு நடுவில், 1829-ல், லண்டனுக்கு மெட்ரோபாலிடன் போலீஸ் வந்துவிட்டது. சீருடை போட்ட, சம்பளம் வாங்குகிற ஒரு படை தெருவில் நிற்கும்போது, தெருவில் ஓடும் வண்டியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் தலையில்தான் விழும். விழுந்தது. 1868 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வெளியே வைத்த முதல் டிராஃபிக் விளக்கை இயக்கியதும் ஒரு கான்ஸ்டபிள்தான். கேஸ் விளக்கு அது. அடுத்த மாதமே வெடித்துப் பாவம் அந்தக் கான்ஸ்டபிளுக்குக் காயம்.

ஆக, மூன்று பேர் வைத்திருந்த ஊர் நிர்வாகம் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. விதி போடுவது கவுன்சில், பிடிப்பது போலீஸ், தண்டிப்பது மாஜிஸ்திரேட் என்று ஆகிவிட்டது.

"காசு பார்க்கிற வேலை" என்ற முணுமுணுப்பு கேமராவோடு பிறந்தது என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1903-ல் வந்த மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பு வைத்தது. போலீஸ்காரர்கள் புதருக்குப் பின்னால் ஒளிந்து, கையில் ஸ்டாப் வாட்ச் வைத்து, இரண்டு குறிகளுக்கு இடையே கார் எத்தனை நொடியில் கடந்தது என்று கணக்குப் பார்த்துப் பிடித்தார்கள். கார்க்காரர்கள் அன்றைக்குப் பணக்காரர்கள். கொதித்துப் போனார்கள். 1905-ல் அவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஏ.ஏ. என்ற ஆட்டோமொபைல் அசோசியேஷன். இன்றைக்கு நடுரோட்டில் கார் நின்றுவிட்டால் மஞ்சள் வேனில் வந்து உதவுகிறார்களே, அதே ஏ.ஏ. தான். அவர்கள் ஆரம்பத்தில் செய்த வேலை, பிரைட்டன் சாலையில் சைக்கிளில் ஆள் அனுப்பி, "முன்னால போலீஸ் பதுங்கியிருக்கு" என்று கார்க்காரர்களுக்குச் சொல்வது!

இது 1910-ல் கோர்ட்டுக்குப் போனது. பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கு. வேகமாக வருகிறவனை எச்சரித்து அவனைத் தப்பவைப்பது போலீஸ் கடமைக்கு இடையூறுதான் என்று தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் பிரபு அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏ.ஏ. லேசுப்பட்ட ஆளா? ஏ.ஏ. பட்டை மாட்டிய காரைப் பார்த்தால் தங்கள் ஆள் சல்யூட் அடிப்பது வழக்கம் அல்லவா, இனி ஆபத்து இருந்தால் சல்யூட் அடிக்க மாட்டார் என்று ஏற்பாடு. சல்யூட் வரவில்லையென்றால் வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். சல்யூட் அடிக்காமல் இருந்ததற்காக யாரையாவது ஜெயிலில் போட முடியுமா? :-)

நிற்க. இனி கவுன்சில் மறுபடி எப்படி உள்ளே வந்தது என்ற கதை.

வழி பார்க்கிங்தான். 1958 ஜூலையில் மேஃபேரில் பார்க்கிங் மீட்டர் வந்தது. 1960-ல் டிராஃபிக் வார்டன்கள் வந்தார்கள். இவர்கள் போலீஸ் இல்லை, ஆனால் போலீஸின் கீழ் வேலை. கார் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, 80-களில் லண்டன் போலீஸுக்குத் தப்பாக நிறுத்திய காரைத் தேடி அலைய நேரமும் இல்லை, மனசும் இல்லை. 1991-ன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. தப்பாக நிறுத்துவதைக் குற்றம் என்ற பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. அது இனி சிவில் விவகாரம். கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கும், கவுன்சிலே பணம் வாங்கும். 1993-ல் வான்ட்ஸ்வொர்த்தில் தொடங்கி, 1994-க்குள் லண்டன் முழுக்க அமலானது.

என் பார்வையில் மொத்தக் கதையும் திரும்புகிற இடம் இது. அதுவரை அபராதம் மாஜிஸ்திரேட் கோர்ட் வழியாக அரசு கஜானாவுக்குப் போனது. கவுன்சிலுக்கு அதில் நயாபைசா கிடையாது. இப்போது பிடிக்கிறவரும் வசூலிக்கிறவரும் வைத்துக்கொள்கிறவரும் ஒரே ஆள்.

பார்க்கிங்கில் நன்றாக ஓடுகிறது என்றதும் அடுத்து பஸ் லேன். 1996-ல் லண்டன் கவுன்சில்களுக்கென்று வந்த சட்டம் அதற்கு வழி செய்தது. அதன் பிறகு 2003-ல் வந்ததுதான் நம் கவருக்குத் தாய்: லண்டன் லோக்கல் அத்தாரிட்டீஸ் அண்டு டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் ஆக்ட். ஓடுகிற வண்டியின் தப்புகளும் கவுன்சிலிடம் வந்தன. நோ என்ட்ரி, திரும்பக் கூடாத இடத்தில் திரும்புவது, ஒரு வழிப் பாதையில் எதிர்த்து வருவது, எடை வரம்பு மீறிய லாரி, அப்புறம் நம் எல்லோருக்கும் பிரியமான மஞ்சள் பெட்டி. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் வேகமும் தரவில்லை. அவை போலீஸ் கையிலேயே இருக்கின்றன. ஆளைக் கொல்லக்கூடிய தப்பு போலீஸுக்கு, ஊரை நிறுத்திவைக்கிற தப்பு கவுன்சிலுக்கு என்று நான் புரிந்துகொண்டேன்.

சிவில் என்றால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். லைசென்ஸில் பாயின்ட் ஏறாது, அது லாபம். ஆனால் ஓட்டியது யார் என்பது கவுன்சிலுக்கு அக்கறை இல்லை. வண்டி யார் பெயரில் பதிவோ அவர்தான் பொறுப்பு. மச்சான் ஓட்டினாலும் கவர் உங்களுக்குத்தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, எது அதிகம் நடந்திருக்கக்கூடியது என்ற அளவுகோல் போதும். விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்பு வருவதற்கு முன்பே அபராதம் விதிப்பது 1689-ன் உரிமைச் சாசனத்துக்கே விரோதம் என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். கோர்ட் ஏற்கவில்லை. பின்னால் வந்த சட்டம் தெளிவாக இந்த முறையைக் கொண்டுவந்த பிறகு முந்நூறு வருஷத்துச் சாசனத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றாகிவிட்டது.

மஞ்சள் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். 1967-ல், லண்டனில் சோதித்துப் பார்த்த பிறகு முறைப்படி வந்தது இது. சந்திப்பின் நடுவில் மஞ்சள் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பார்கள். "அதுக்குள்ள நிக்கக் கூடாது" என்றுதான் நாம் சொல்வோம். விதி அப்படி இல்லை. முன்னால் நிற்கிற வண்டிகளால் உள்ளே நிற்க வேண்டி வரும்படியாகப் பெட்டிக்குள் நுழையக் கூடாது என்பதுதான் விதி. தப்பு நடப்பது நுழைகிற கணத்தில். ஆகவே யாராவது திடீரென்று ரோட்டைக் கடந்ததால் நின்றால் அது இந்தத் தப்பு இல்லை. வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது எதிரே வரும் வண்டிக்காக உள்ளே நிற்பதும் தப்பில்லை, அது விதியிலேயே விலக்கு. முன்னால் போதுமான இடம் இருந்தும் ஓட்டுநர் சீக்கிரமே பிரேக் போட்டுப் பின் சக்கரம் கோட்டில் நின்றுவிட்டால், அவருக்கு நிற்க "வேண்டி" வரவில்லையே என்று மேல்முறையீட்டில் தப்பியவர்கள் உண்டு.

ஒரு போலீஸ்காரர் முனையில் நின்றால் இதெல்லாம் கண்ணால் பார்ப்பார். "சரி போய்யா" என்று விடவும் விடுவார். கேமராவில் தெரிவது பெட்டி, கார், நொடி. அதைப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து ஓர் ஊழியர் பார்த்து முடிவெடுக்கிறார். ஃபுல்ஹாமில் பேக்லீஸ் லேன் சந்திப்புப் பெட்டிக்குப் பத்திரிகைகள் "மணி பாக்ஸ்" என்றே பெயர் வைத்தன. ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்கான பேர் மாட்டுகிறார்கள் என்றால் அத்தனை பேரும் அயோக்கியர்களா, அல்லது அந்தச் சந்திப்பின் அமைப்பில் கோளாறா? நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே சமயம் பஸ்ஸில் போகிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கார் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு நின்றால் குறுக்கே பச்சை விழுந்தும் அறுபது பேரோடு பஸ் அப்படியே நிற்கும். அடுத்த பச்சைக்குள் அதற்கு முன்னால் இன்னொருவர் நுழைவார். பஸ்ஸில் இருக்கிற நர்ஸுக்கு ஷிஃப்ட் தவறும். அந்த அறுபது பேருக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். கவுன்சில் இந்தப் பணத்தை இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. செலவு போக மிஞ்சுவது சாலை, பொதுப் போக்குவரத்து போன்றவற்றுக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. பார்க்கிங் கட்டணத்தில் இது சோதனைக்கு வந்தது 2013-ல். பார்னெட் கவுன்சில் குடியிருப்பாளர் பர்மிட்டை 40 பவுண்டில் இருந்து 100 பவுண்டாக ஏற்றியது, விருந்தாளிக்கான சீட்டை 1 பவுண்டில் இருந்து 4 பவுண்டாக. ஆட்ஃபீல்ட் என்ற குடியிருப்பாளர் உயர்நீதிமன்றம் போனார். வருமானம் தேடுவதற்காகக் கட்டணத்தை ஏற்ற இந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பு. தெருவாசிகள் கவுன்சிலை ஜெயித்தார்கள். "காசு பார்க்கிற வேலை" என்று கல்யாண வீட்டில் சொல்வதை ஒருத்தர் கோர்ட்டில் போய்ச் சொல்லி நிரூபித்துவிட்டார் பாருங்கள்.

லண்டனுக்கு வெளியே கதை வேறு மாதிரி. 2004-ல் டிராஃபிக் மேனேஜ்மென்ட் ஆக்ட் வந்தது. அதன் ஆறாம் பகுதி இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க இதே அதிகாரத்தைத் தரலாம் என்றது. பார்க்கிங் பகுதி 2008-ல் அமலுக்கு வந்தது. ஓடுகிற வண்டிப் பகுதியோ புத்தகத்தில் தூங்கியது. வேல்ஸ் தன் பங்குக்கு விதி செய்துகொள்ள, கார்டிஃப் 2014-ல் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் அடுத்தடுத்து வந்த எந்த அரசும் தொடவில்லை. கார்க்காரர் ஓட்டு என்றால் எல்லாக் கட்சிக்கும் பயம், அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இன்னும் சொல்லப்போனால் 2015-ல் எதிர்த்திசையில் போய், பார்க்கிங்கைக் கேமரா வைத்துப் பிடிப்பதையே பள்ளி வாசல், பஸ் ஸ்டாப் போன்ற சில இடங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2020 ஜூலையில் சைக்கிள், நடைக்கான திட்டத்தை வெளியிட்டபோதுதான் ஆறாம் பகுதியை எழுப்புவோம் என்று அரசு சொன்னது. 2022 மே 31-ல் எழுப்பினார்கள். பதினெட்டு வருஷத் தூக்கம்!

ஆனால் லேட்டாக வந்தாலும் லண்டனை விட நல்ல நிபந்தனைகளோடு வந்தது. கவுன்சில் தானாக ஆரம்பிக்க முடியாது, விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முன் குறைந்தது ஆறு வாரம் மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். கேமரா வைக்கிற ஒவ்வோர் இடத்திலும் முதல் ஆறு மாதம், ஒருவரின் முதல் தப்புக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். தொகை 70 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 35. லண்டனிலோ 2025 ஏப்ரலில் 130-ல் இருந்து 160 ஆக்கினார்கள். 14 நாளுக்குள் கட்டினால் 80.

இந்தப் பாதி விலை ஏற்பாட்டில்தான் எனக்கு உண்மையான சண்டை. தெரிந்த தம்பி ஒருவர், ஊர் வேண்டாம், கவுன்சில் பெயரும் வேண்டாம், போன வருஷம் கவரோடு வந்தார். வீடியோவைத் தளத்தில் போட்டுப் பார்த்தோம். வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டுப் பெட்டிக்குள் நிற்கிறார், எதிரே வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. விதியில் உள்ள அதே விலக்கு.

"தம்பி, இது நிச்சயம் நிக்கும், எழுதிப் போடுங்க" என்றேன்.

"அண்ணே, தோத்தா நூத்தி அறுபது. இப்பக் கட்டினா எம்பதோட போச்சு. ரெண்டு நாள் லீவு போட்டுக் காகிதம் எழுத எனக்கு நேரமில்ல" என்று அங்கேயே போனில் கட்டிவிட்டார்.

அவர் கணக்கு தப்பில்லை, அதுதான் கொடுமை. முதலில் கவுன்சிலுக்கே ஆட்சேபம் எழுத வேண்டும். அவர்கள் மறுத்தால் தீர்ப்பாயம். லண்டனுக்கு லண்டன் டிரிப்யூனல்ஸ், மற்ற இடங்களுக்கு டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல். அங்கே உட்காருகிறவர்கள் கவுன்சிலைச் சாராத வழக்கறிஞர்கள், மேல்முறையீட்டுக்குக் கட்டணமும் கிடையாது. அறிவிப்புப் பலகை சரியாகத் தெரியவில்லை என்பதற்காகவே நோட்டீஸை ரத்து செய்கிறார்கள். 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், மறுத்தாலும் பாதித் தொகையை மறுபடி தர பல கவுன்சில்கள் முன்வருவதும் உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, அதற்காகவே இங்கே எழுதிவைக்கிறேன். ஆனால் தீர்ப்பாயம் வரை போனால் பாதி போய்விடும். கண்டுகொள்ளாமல் விட்டாலோ 28 நாளுக்குப் பின் ஒன்றரை மடங்கு, 160 என்பது 240. அப்புறம் நார்தாம்ப்டன் கவுன்டி கோர்ட்டில் கடனாகப் பதிவு, கடைசியில் வாசலில் ஜப்தி ஆட்கள். அந்தப் பதிவு ஒரு நீதிபதி உட்கார்ந்து விசாரிக்கிற விஷயம் இல்லை, மொத்தமாக நடக்கிற அலுவலக வேலை.

2023 அக்டோபரில் அன்றைய பழமைவாதக் கட்சி அரசு "கார் ஓட்டிகளுக்கான திட்டம்" என்று ஒன்றை அறிவித்து, கவுன்சில்கள் இதில் உபரி சேர்ப்பதைக் கட்டுப்படுத்துவது பற்றி யோசித்தது. 2024 ஜூலைத் தேர்தலில் அந்த அரசே போய்விட்டது.

கொசுறு: லண்டன் பாலம் என்றதும் "அதைத்தான் அமெரிக்காக்காரன் வாங்கிட்டுப் போயிட்டானே" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். அரிசோனாவுக்கு 1968-ல் விலை போனது 1831-ல் திறந்த பாலம். நம் மூன்று பேரும் நின்ற பழைய பாலத்தை அப்போதே இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1973-ல் திறந்தது. 2020-ல் இருந்து வார நாட்களில் காலை 7 முதல் மாலை 7 வரை அதன் மேல் தனியார் கார் போகக் கூடாது, பஸ், டாக்சி, சைக்கிள், பைக் மட்டும். இரண்டு முனையிலும் நிற்க ஆள் வைக்கவில்லை. கேமராதான்.